இல்லாத பந்து

கண்டோஜி ஏரிக்கரையில் காலை ஐந்தரை.
யங்கூனுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை;
ஏரிக்கு அது தெரியாது.
பலகைப் பாலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு
ஏழு பெண்கள் நிற்கிறோம்.
எங்களில் ஒருத்திக்குத்தான் இரண்டும் இருக்கிறது.
அவள் தங்கைக்குத் துணையாக வந்தவள்.

"பந்தைப் பிடி" என்கிறாள் லீ ஹ்வா.
லத்தா தெருவில் இன்வர்ட்டர் பேட்டரி விற்பவள்.
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
மூன்று வருஷம் முன்னாலேயே
கத்திக்குப் போய் வந்தவள்.
பேச்சு பர்மியத்தில், எண்ணிக்கை மட்டும் சீனத்தில்.
"நெஞ்சுக்கு நேரே. நெரிக்காதே, நழுவ விடாதே.
அக்குளில் ஒரு முட்டை இருக்கிறது, ஞாபகம்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
அக்குளில்தான் பதினான்கு நெறிக்கட்டிகளை
எண்ணி எடுத்து, எண்ணிக்கையைத்
தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.
எண்ணிக்கையை மதிக்கிறவள் நான்.
பயின்னவுங் சந்தையில் உளுந்து மூட்டைக்கு
எடை எழுதுவது என் பிழைப்பு.
இவ்வளவு தூசி, இவ்வளவு ஈரம்,
இவ்வளவு வண்டு என்று கழித்து
மீதிக்கு விலை போடுவோம்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு
என்னையும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன்.
கழிவு: நானூற்று இருபது கிராம்.
மீதிக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடிவிட்டேன்.

முதல் வாரம் இடக்கை தோளுக்கு ஏறவில்லை.
வீக்கத்தில் சிக்கிய வளையலை
ஆசாரி வெட்டி எடுத்த கை அது.
"இரண்டு கையாலும் வானத்தைத் தாங்கு" என்றபோது
என் பக்கம் வானம்
காதளவில் நின்றுகொண்டது.
ஜுலைகா பார்த்துவிட்டுத்
தன் வானத்தையும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

"இது நோயைத் தின்னுமா?" என்று கேட்டேன்.
"தின்னாது" என்றாள் லீ ஹ்வா,
கொசு கடித்த முழங்காலைச் சொறிந்தபடி.
"ஊசிக்குப் போ. மாத்திரையை விடாதே.
இது ராத்திரி தூங்க.
அப்புறம், மேல்தட்டிலிருந்து
சீனிப் போத்தலை எடுக்க."
அந்தப் பதிலுக்காகவே மறுநாளும் போனேன்.
கோயில் வாசல் பூக்காரி முதல்
ரவிக்கை தைக்கிறவள் வரை
எனக்கு மருந்து சொல்லாதவர்
இந்த ஊரில் இல்லை.

ஆனி மழையில் நோ எஸ்தர் வராமல் போனாள்.
கரேன் பெண். எண்ணிக்கைக்குப் பதிலாக
வாய்க்குள் ஜெபம் சொல்கிறவள்.
ஒரு வாரம். இரண்டு. போனும் எடுக்கவில்லை.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அவள் நின்ற இடத்தை ஓர் ஆள் அகலம் விட்டே நின்றோம்;
திரும்பும்போது அந்த வெற்றிடத்தின் மேல்
யார் கையும் படாமல் திரும்பினோம்.
மூன்றாம் வாரம் குடையோடு வந்தாள்.
பாலம் இடிந்து பஸ் ஓடவில்லையாம், ஊரில் டவரும் இல்லையாம்.
"எனக்கென்று பார்த்துச் சேற்றையா
விட்டுவைத்தீர்கள்?" என்று திட்டினாள்.
அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும்
மூச்சு ஒழுங்காக வரவில்லை.
லீ ஹ்வாவே எண்ணிக்கையைத் தவறவிட்டு
நான்கை இரண்டு முறை சொன்னாள்.

நான் ரவிக்கை மாற்றும்போது
என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்ப்பார்.
எட்டு மாதமாகப் பார்க்கிறார்.
அதில் அவருக்குத் தெரியாத
பௌர்ணமி ஒன்றும் மிச்சமில்லை.

நேற்று ராத்திரி கரண்ட் போன அடுப்படியில்
தூக்கம் வராமல் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன்.
டார்ச் வெளிச்சம் முதலில் என் காலில்,
பிறகு கைகளில்.
"அம்சு, என்ன பிடிச்சிருக்கே?"
"பந்து."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எவ்வளவு இருக்கும்?" என்றார்,
அவரும் சந்தைக்காரர்தான்.
"நீங்களே பிடிச்சுப் பாருங்க."
டார்ச்சை அரிசி டின் மேல் வைத்துவிட்டு
கையை நீட்டினார், அகலமாக,
தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
காலண்டர் இருந்தது கூடத்தில்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் நெஞ்சை.

"அவ்வளவு பெரிசில்லை" என்றேன்.
"தோளை இறக்குங்க.
அக்குள்ல முட்டை இருக்கு,
உடைச்சிடாதீங்க."