ஐம்பத்து மூன்றாம் வாரம்

குவோபியோவில் டிசம்பர் என்றால்
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
பால் நிறுவனத்தின் மாடியில் எனக்கு
ஒரு நாற்காலி, ஓர் அடையாள அட்டை,
மாதம் பதினைந்தில் சம்பளம்.

காலை பத்தேகாலுக்குக் கீழே கூச்சல்.
தயிர்ப் பெட்டிகள் எல்லாவற்றிலும்
கெட்டுப்போன தேதி.
இந்த வருடத்துக்கு ஐம்பத்து மூன்று வாரம்.
அச்சு இயந்திரம் அதை நம்பவில்லை,
போன ஜனவரிக்கே திரும்பிவிட்டது.

பத்தே முக்காலுக்குப் பிழையைப் பிடித்தேன்.
வாரங்களை எண்ணும் சின்ன நிரல்,
எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று
திறந்து போட்டது.
இருநூற்றுப் பதினேழாம் வரியில்
ஒரு சமக்குறி விடுபட்டிருந்தது.
எழுதியவர் பெயர் ஹில்லா,
சதுப்பில் பழுக்கும் ஒரு மஞ்சள் பழம்.

ஹில்லா நான்தான்.
நாலு வருடத்துக்கு முன்
மகளுக்குப் பல் முளைத்த இரவுகளில்
ஒரு கையில் அவள்,
மறு கையால் அது.

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன் எழுதியிருக்கிறான்" என்றார் இல்போ.
"ஒரு கடிதம் போடு. மரியாதையாக."
போட்டேன்.
என் சட்டைப்பையில் அது அதிர்ந்தது.

அப்போதே திருத்தியிருக்கலாம்.
ஆனால் ஒப்பந்தம், பதினோராம் பிரிவு:
எட்டு முதல் நான்கு வரை
இந்த விரல்களிலிருந்து விழுவதெல்லாம்
நிறுவனத்தின் சொத்து.
பகலில் தொட்டால் அதுவும் பாலாகிவிடும்,
பெட்டியில் அடைத்து விலை ஒட்டுவார்கள்.

அதனால் காத்திருந்தேன்.
லாரிகள் பனியில் உறுமிக்கொண்டு நின்றன.
மூன்று கோப்பை காப்பி.
ஒரு கூட்டத்தில் தலையாட்டினேன்.
குறை சொல்லவில்லை, நல்ல கம்பெனி,
பல் வைத்தியத்துக்குக்கூடப் பணம் தருகிறார்கள்.
பதினைந்தாம் தேதி இல்லையென்றால்
ஹில்லா எந்த அறையில் உட்கார்ந்து எழுதுவாள்?

நான்கு மணி. அட்டையைத் தேய்த்து வெளியே வந்தேன்.
பஸ்ஸைக் காணோம். மைனஸ் பத்தொன்பது.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி,
மடியில் என் சொந்தக் கணினியைத் திறந்து
சமக்குறியை வைத்தேன்.

மறுநாள் இல்போவின் முகத்தில் வெளிச்சம்.
"ராத்திரியே சரிபண்ணிவிட்டான் பார்!
காசுகூடக் கேட்கவில்லை."
அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார்.
செலவு என்ற கட்டத்தில்
வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டேன்.

பதினொன்றரைக்குப் பையில் மறுபடி அதிர்வு.
சுரபயாவில் ஒரு மருந்துக் கிடங்கு,
அங்கே இன்னும் ஓடவில்லையாம்.

மணி பார்த்தேன்.
இன்னும் நாலரை மணி நேரம்.