எஃப்.என்.யூ.

டிராய், மிச்சிகன். பிப்ரவரி. மாலை ஆறரை.
கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மிச்சம் என் கார்,
அதன்மேல் ஒரு சாண் பனி.
வக்கீல் கோவால்சிக் கையுறை மாட்டியபடி சொல்லிப் போனது:
"காலைக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்."

எல்லாம் என்றால்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிடிஎஃப்.
தலைகீழாய் ஸ்கேன் ஆனவை,
ஒரே கடிதம் மூன்று தடவை,
'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி'.
போன வருடம் இதற்கு
இரண்டு சனிக்கிழமை போயிற்று,
கூடவே வலது மணிக்கட்டும்.

இந்த வருடம் திரைக்குள் ஓர் உதவியாளர்.
சம்பளம் கேட்காது, காபி கேட்காது,
எனக்குத்தான் 'தயவுசெய்து' போடாமல்
அதற்கு எழுத வரவில்லை.
தயவுசெய்து நிமிர்த்து.
வழக்கு எண்படி சேர்.
வெற்றுப் பக்கத்தை நீக்கு, பக்க எண் போடு.
கோப்புக்கு ஆளின் முதல் பெயரை வை.

"ஒரே பெயர் மறுபடி வந்தால்?" என்று கேட்டது.
பசி.
பழையதன் மேல் எழுது என்று தட்டிவிட்டேன்.

மைக்ரோவேவில் சப்பாத்தி சுற்றி நிற்பதற்குள்
முடிந்தது என்றது.
முந்நூற்று ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில்
இருநூற்று முப்பத்தொன்று.

ஒன்பது மரியாக்கள் ஒரே மரியா.
ஒன்பது அகமதுகள் ஒரே அகமது.
மீதிப் பேரைத் தேடிப் போனால்
எஃப்.என்.யூ. என்றொரு கோப்பு,
அறுபது பேர் அதற்குள் போய்
ஒருவர் மட்டும் வெளியே வந்திருந்தார்.

முதல் பெயர் தெரியாது, அதுதான் அதன் விரிவு.
பாஸ்போர்ட்டில் ஒரே பெயரோடு வருகிறவர்களுக்கு
மற்ற கட்டம் காலியாக இருக்கும்;
காலிக் கட்டத்தைப் பார்த்தால்
அமெரிக்காவுக்குக் கை சும்மா இருக்காது.
ஜகார்த்தாவின் சுஹார்யோனோ,
ஹெராத்திலிருந்து வந்த குல்மினா,
சிவகாசிக்காரர் முத்துச்சிற்பி,
எல்லோருக்கும் அதே மூன்றெழுத்து.

கோவால்சிக்கின் பெயரை
இந்த ஊரில் யாரும் சரியாக உச்சரித்ததில்லை.
ஆனாலும் அவருக்கு இரண்டு கட்டமும் நிரம்பும்.

மிஞ்சிய அந்த ஒருவரைத் திறந்தேன்.
பிறந்த ஊர் குமாரபாளையம்.
இடது காதருகே மச்சம்.
நான்.
கடைசி வழக்கு எண் என்னுடையது,
ஐம்பத்தொன்பது பேர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

பல் டாக்டர் வீட்டு வரவேற்பில்
"ஃப்னூ!" என்று கூப்பிடுவார்கள், எழுந்து போவேன்.
மருந்துக்கடையில் ஃப்னூ.
ஓட்டுநர் உரிமத்தில் ஃப்னூ.
ஒன்பது வருடத்தில்
அது நானில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை,
வரிசை பின்னால் நீளமாக இருக்கும்.

கை நடுங்க எழுதினேன்: அசல்கள் எங்கே?

"தனி ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன,
எதுவும் போகவில்லை.
எஃப்.என்.யூ. என்பது பெயர்தானா?
இல்லையென்றால் விதியை மாற்றட்டுமா?"

தூதரகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
இப்படிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்,
அரை நிமிடம்.
இதற்காக இதைக் கட்டிக்கொண்டு அழ முடியாது,
என் பசியில் அறுபது பேரை
ஒரு விசையில் கவிழ்த்ததும் இதே கைகள்தான்.

பெயரில்லை என்று எழுதினேன்.
ஒற்றைப் பெயர் இருந்தால் அதுவே பெயர்.
முன்னால் எதுவும் ஒட்டாதே.
ஒரே பெயர் வந்தால் வழக்கு எண்ணைச் சேர்,
யார்மேலும் யாரையும் எழுதாதே.
தயவுசெய்து.

முந்நூற்று ஆறு.
இரண்டு தடவை எண்ணினேன், சப்பாத்தி அட்டையாகிவிட்டது.

என் கோப்பை மட்டும் நானே பெயர் மாற்றினேன்.
விசைத்தறிச் சங்கத்தில் இருந்த அப்பா
வைத்த பெயர், அவர் எழுதிய எழுத்தில்:
செங்கொடி.
கணினி மறுப்புச் சொல்லவில்லை,
வரிசையில் இசட்டுக்கும் கீழே
கொண்டுபோய் வைத்தது, அவ்வளவுதான்.

காலையில் கோவால்சிக் கேட்பார்,
அடியில் இதென்ன கிறுக்கல் என்று.
ஸ்கேனர் கோளாறு என்று சொல்லிவைக்கலாம்.
சொல்லாமலும் இருக்கலாம்.
இப்போதைக்குப் பனியைச் சுரண்ட வேண்டும்.