பெருக்கல் குறி

முகூர்த்த மாதங்களில் என் பையில்
ஒரு சின்னக் கத்தரி இருக்கும்.
எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

வேலூரில் கோட்டு போடுகிறவன்
முதலில் வெயிலுக்குப் பதில் சொல்ல வேண்டும்,
அப்புறம் ஜனங்களுக்கு.
சத்துவாச்சாரி பஸ் நிறுத்தத்தில்,
"சார் எந்த மருந்து கம்பெனி?"
கோர்ட்டுப் பக்கம் டீ குடித்தால்
யாராவது ஒரு பத்திரத்தை நீட்டி
"வக்கீலய்யா, இதக் கொஞ்சம் பாருங்க."
ஒரு தடவை ஒரு சின்னப் பையன்
புறா வருமா என்று கேட்டான்.

நான் ராணிப்பேட்டையில்
தோல் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன்.
கோட்டு போட்டே ஆக வேண்டிய அவசியம்
எந்த நாளும் எனக்கு வந்ததில்லை.
அதனால்தான் போடுகிறேன்.
அவசியத்துக்குப் போடுகிறவர்கள்
கோட்டைப் பார்ப்பதே இல்லை.

என்னுடையது சாம்பல் நிறம், இரண்டு பொத்தான்,
காற்று நுழைகிற நெசவு.
முதுகில் பாதிக்குக் கீழே உள்துணி கிடையாது,
நம் ஊர் மே மாதத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.
தோள் எலும்பு முடிகிற இடத்தில்
துணியும் முடிய வேண்டும்.
மற்றதைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார்,
தோளை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது.
சட்டைக் கை அரை அங்குலம் எட்டிப் பார்க்கலாம்;
அதற்கு மேல் வந்தால்
கடன் கேட்க வந்தவன் மாதிரி இருக்கும்.
கீழ்ப் பொத்தானைப் போடக்கூடாது.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பந்தியில் இலையை
நம் பக்கமாக ஏன் மடிக்கிறோம்?

நேற்று புவியரசனுக்கு ரிசப்ஷன்.
எங்கள் கம்பெனிப் பையன்தான், தோல் தரம் பிரிக்கிறவன்.
சேண்பாக்கத்தில் மண்டபம்.
ஏசி என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள்,
அது முதல் மூன்று வரிசைக்கு.
மேடையில் அவன் மினுமினுக்கும் நீலத்தில்.
மணிக்கட்டுக்கு மேலே
கடைக்காரன் பெயர் தங்க நூலில்.
பெரியப்பா காலில் விழக் குனிந்தான்.
கோட்டின் பின்பிளவு திறக்கவில்லை.
அங்கே வெள்ளை நூலில் ஒரு பெருக்கல் குறி,
வாங்கிய அன்றே பிரித்துப் போட வேண்டிய தையல்,
முந்நூறு பேருக்கும் தெரிகிற மாதிரி.

மொய்க் கவரோடு வரிசையில் நின்றேன்.
கவருக்குள் ஐந்நூற்றொன்று,
கவருக்குப் பின்னால் கத்தரி.
"தம்பி, ஒரு நிமிஷம் திரும்பு."
பார்த்துவிட்டான்.
"ஐயோ சார், வாடக கோட்டு!
நூலு அறுந்தா அட்வான்ஸ் ரெண்டாயிரமும் போயிடும்.
பிரிக்காம இருந்தாத்தான்
புதுசுன்னு சொல்லி அடுத்தவனுக்குக் குடுப்பான்.
நாளைக்குப் பதினோரு மணிக்கு
குடியாத்தத்துல ஒரு மாப்பிள்ளை காத்துனு இருக்காரு."

கத்தரி பைக்குள் போனது.
கணக்கன் புத்தி கணக்குப் போட்டது:
ஒரு கோட்டு பெருக்கல் நாற்பது முகூர்த்தம்.
ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர்,
எத்தனை தோள்கள்,
எத்தனை பெரியப்பாக்களின் பாதங்கள்.
அப்போதுதான் பார்த்தேன்,
என் கண்ணுக்கு முதலிலேயே பட்டிருக்க வேண்டியதை:
நாற்பது பேருக்காகத் தைத்த அந்தத் தோள்
இவன் எலும்பு முடிகிற இடத்தில்
நூல் பிசகாமல் முடிந்திருந்தது.
மூன்று மணி நேரமாக நிற்கிறான்,
ஒரு தடவைகூடக் கழுத்தை இழுத்துவிடவில்லை.
வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையையும்
இரண்டு கையாலும் பிடிக்கிறான்.

கீழ்ப் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டேன்.
"மாப்ள, பட்டன் அவுந்துகீது" என்று
போட்டோக்காரர் கத்தினார்.
"இருக்கட்டும்" என்றான் புவியரசன்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர்
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
மருந்து கம்பெனி, கோர்ட்டு, புறா,
எதற்கும் தயாராக இருந்தேன்.
"மாப்பிள்ளை வூட்டுக்காரங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லி,
மேல் பொத்தானையும் கழற்றிவிட்டு
ரசத்துக்குக் குழி பறித்தேன்.