ரெண்டு காப்பி

டவுண் மண்டல அலுவலகத்துக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்.
பதினோரு வருஷமாகப்
பேட்டையின் வாறுகால்களை நான்தான் எழுதுகிறேன்.
மேற்படி வாறுகால் நிரம்பி,
மேற்படி விளக்கு எரியாமல்,
தங்கள் உண்மையுள்ள.
கையெழுத்து மட்டும் அவரவர்களுடையது.

ஒருநாள் யாருடையதோ வேட்புமனு நகலுக்கு வந்தது.
எழுத்துப்பிழை ஏழு.
திருத்திக்கொண்டிருந்த பேனா
அடுத்த வெற்றுப் படிவத்தில்
முப்பிடாதி, க/பெ கொம்பையா என்று
தன்பாட்டுக்கு எழுதிவிட்டது.
இல்லை, பொய்.
படிவத்தை நான் முந்தின வாரமே வாங்கி
டோனர் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

டெபாசிட் நாலாயிரம்.
பக்கம் இரண்டு ரூபாய் வீதம் இரண்டாயிரம் பக்கம்.
பத்து ரூபாய்த் தாள்களை அதிகாரி எண்ணி முடிக்கும்வரை
பின்னால் மாலையும் கழுத்துமாக
ஒரு கட்சியே வியர்த்துக்கொண்டு நின்றது.

கேட்ட சின்னம் சீப்பு. விழுந்தது பூட்டு சாவி.
'எதைப் பூட்டப் போறிய மைனி?'
டீக்கடையில் ஒரே சிரிப்பு.
இவர் ஆட்டோவின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்.
சந்திப்பில் ஏறிய ஒருவர்
டூப்ளிகேட் சாவி போட எவ்வளவு என்று கேட்டாராம்.

வார்டில் ஒரு கழிப்பறை உண்டு.
ரிப்பன் வெட்டிய அன்றைக்கே பூட்டியது.
சாவி யாரிடம் என்று கேட்டு
ஆறு பேருக்கு ஆறு மனு எழுதியிருக்கிறேன்.
அதைத்தான் சொன்னேன்.
மேடையெல்லாம் இல்லை,
பீடிக்கடை வாசலில், இலைக்கு நிற்கும் வரிசையில்,
காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பவர்களிடம்.
மைதீன் பாத்து தட்டிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்:
'ஏளா, எல்லாவனும் தாரேங்கான். நீ என்ன தருவ?'
'ஒண்ணும் இல்லக்கா.'
'அதையாவது உரக்கச் சொல்லு,
பின்னால நிக்கவளுக்குக் கேக்கல.'

கடைசி ராத்திரி கதவிடுக்கில் கவர் வந்தது.
எங்கள் வீட்டுக்கும்.
மூன்று ஓட்டுக்கு மூன்று ஐந்நூறு.
வேட்பாளர் வீடாயிற்றே என்று
ஒரு தாள் குறைக்காத நேர்மை.
இவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
காலையில் மேசையில் கவர் இல்லை.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
இன்றுவரை.

ஆவுடைநாயகம் ஆயிரத்து இருநூற்று நான்கு.
நான் இருநூற்று எண்பத்தேழு.
இரண்டாயிரம் பக்கமும் போச்சு.

ஆனால் பட்டியலில் ஒரு சாவடி,
கோடகன் கால்வாய்க்கு அந்தப் பக்கம்.
நோட்டீஸ் தீர்ந்துபோனதால்
நான் கால் வைக்காத மூன்று தெரு.
அங்கே நாற்பத்தியொன்று.
தப்பாக வாசித்தாரோ என்று மறுபடி கேட்டேன்.
'நாப்பத்தியொண்ணுதாம்மா, நகருங்க.'

மறுநாள் அங்கே போய் நடந்தேன்.
ஒருவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.
ஒருத்தி மாவு வாளியை இடுப்பு மாற்றினாள்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்
சுவரில் என் பூட்டுக்கு மீசை வரைந்தான்.
யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.
யாரிடம் நன்றி சொல்ல?
வரும்போது எதிரே வந்த எல்லோருக்கும்
கொஞ்சம் வழிவிட்டு நடந்தேன்.

பத்தாம் நாள் ஆவுடைநாயகம் கடைப் படியேறினார்.
புது லெட்டர்பேடு, மை வாசனை போகவில்லை.
பொருள்: கழிப்பறை திறப்பது தொடர்பாக.
'ரெண்டு காப்பி எடு, முப்பிடாதி.'
மேற்படி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன்.
மூன்று காப்பி எடுத்தேன்.
'ரெண்டுதான கேட்டேன்?'
'இது எனக்கு. ரெண்டுக்குக் குடுங்க போதும்.'
பையைத் தடவினார். ஐந்நூறாகத்தான் இருந்தது.
'சில்லறை இல்லையே, பெறவு தாரேன்.'

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்:
மாமன்ற உறுப்பினர்,
பாக்கி நாலு ரூபாய்.