வலது செருப்பு

முதலில் ஒரு திருத்தம்:
அந்த இசைத்தட்டில், எட்டாவது பாட்டில்,
டெஸ்மண்ட் படையாச்சி கிட்டார் வாசிக்கவில்லை.
உறையில் சரியாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
வாங்கியவர்கள்தான் பிழை என்று நினைத்தார்கள்.

நான் பேஸ் கிட்டார். நாலு கம்பி.
வாரத்தில் ஆறு நாள் மொபெனியில் டயர் மாற்றுகிறேன்.
எழுபத்து நாலில், கிரே ஸ்ட்ரீட் மாடியறைகளில்
நாங்கள் 'பிளாக் ஸஃபையர்'.
தொடையில் இறுகிக் கணுக்காலில் விரிந்த காற்சட்டை.
பார்த்தேயிராத லண்டன் மழையைப் பற்றி
மூக்கால் பாடுவான் டெஸ்மண்ட்.
பெண்கள் அலறுவார்கள். பதினொரு மணிக்குக்
கடைசி பஸ் யாருக்காகவும் நிற்காது.

அறுபத்தொன்பது வயதில் போன் செய்தான்:
"ஒரு ரெக்கார்ட். கடைசியா. நம்ம மாதிரி இல்லாம."
ஜோஹனஸ்பர்க் கம்பெனிக்காரன்
உலக இசை என்று அதற்கு அலமாரி ஒதுக்கியிருந்தான்.
டெஸ்மண்ட் கேட்டான்:
"அம்லாசி எந்த உலகத்துல இருக்கு?"

கிளேர்வுட்டில், தகரம் தட்டும் பட்டறைக்கு மேலே ஸ்டுடியோ.
துறைமுக லாரி போனால் கண்ணாடி நடுங்கும்;
பாட்டுக்கு ஒரு லாரியாவது பதிவாகியிருக்கிறது.
கெரோஷன், பத்தொன்பது வயது, காவடிக்கு உறுமி அடிப்பவன்.
முற்றத்தில் செய்தித்தாளைக் கொளுத்தித்
தோலைக் காய்ச்சிக்கொண்டு மேலே ஓடிவருவான்.
படியேறுவதற்குள் சுருதி இறங்கிவிடும்.
டெஸ்மண்டின் ட்யூனர் சிவப்பைக் காட்டும்.
"இன்னும் கொஞ்சம் ஏத்துடா." ஓடுவான்.
நாலாம் தடவை பையன் நின்றான்:
"அங்கிள், நீங்க இறங்குங்க."
டெஸ்மண்ட் முறைத்தான்.
அப்புறம் ஆறு கம்பியையும்
ஒவ்வொன்றாகத் தளர்த்தினான்.

பெகிசிசா செலே, கான்செர்ட்டினா.
எங்கள் சாட்ஸ்வொர்த் மேட்டிலிருந்து பார்த்தால்
அவன் வீட்டுத் தகரம் வெயிலில் மின்னும்.
ஐம்பது வருஷம், அந்தப் பக்கப் பாட்டு
காற்றில் வந்தபோதெல்லாம்
நாங்கள் ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி வைத்திருந்தோம்.

வியாழக்கிழமை. எட்டாவது பாட்டு, மூன்றாம் டேக்.
மின்வெட்டு.
அட்டவணையில் ஆறு மணி என்று போட்டிருந்தது,
ஐந்தே முக்காலுக்கே போய்விட்டது.
டெஸ்மண்டின் கிட்டார் செத்தது. என்னுடையதும்.
மடிக்கணினி மட்டும் பேட்டரியில் விழித்திருந்தது.
மற்ற இருவரும் நிறுத்தவில்லை.
நிறுத்த அவர்களுக்குக் காரணமே இல்லை.

வளைந்த குச்சி தோலை இழுக்க இழுக்க
உறுமி முனகியது.
செலே பாட்டை விட்டுப் பேச ஆரம்பித்தான்,
அவர்கள் வழக்கம் அது, மூச்சுவிடாமல்:
தகப்பன் பேர், குலத்தின் பேர், துகேலா ஆறு,
எந்த மலைக்குக் கீழே எந்தத் தொழுவம்.
முடித்துவிட்டு மோவாயை டெஸ்மண்ட் பக்கம் ஆட்டினான்.
உன் முறை.

ஐம்பது வருஷம் மைக் பிடித்தவனுக்கு
வாய் வரவில்லை. எட்டுச் சுற்று சும்மா போனது.
பிறகு, மிச்சமிருந்த தமிழில், மூக்கால் அல்ல:

"மேகசின் பேரக்ஸ். ஒத்த ரூமு. பொதுக் கொழா.
எங்கப்பன் முனிசிபாலிட்டி குப்பை வண்டி.
அத இடிச்சாங்க.
ரோடு எழுநூத்தியாறு. வீடு நாப்பத்தொண்ணு.
ரோட்டுக்குப் பேர் இல்ல, நம்பர்தான்.
மலை இல்ல. ஆறு..."
யோசித்தான்.
"ஆறு இருக்கு. நாறும்."

கெரோஷன் சிரித்துவிட்டான். கை தவறவில்லை.

நான் என்ன செய்தேன்?
இருட்டில் நாற்காலி தேடினேன்.
நாலாவது நிமிஷம் ஒரு கிறீச். அது நான்.

டக் டக் என்று கடைசிவரை கேட்பது
டெஸ்மண்டின் வலது செருப்பு.
உறையில் அவன் பேருக்கு நேரே அதைத்தான் போட்டிருக்கிறது,
அவனே சொல்லிப் போடவைத்தான்.

ஹெட்போனில் சத்தத்தை மிக உயர்த்தினால்
செருப்புக்குப் பின்னால், கொசு மாதிரி, கம்பி.
கரண்ட் இல்லையென்று விரலுக்கு யாரும் சொல்லவில்லை.
மிக்ஸ் செய்த நிவாஷ்னி, "தூக்கிவிடவா?" என்றாள்.
வேண்டாம் என்றவன் இவன்தான்.
இப்போது வாரம் ஒருமுறை போனில் புலம்புகிறான்:
அன்னிக்குத்தான்டா விரல் ஓடுச்சு,
அன்னிக்குத்தான்.

கடையில் அதைப் போடுகிறேன்.
நேற்று, வீல் அலைன்மெண்டுக்குக் காத்திருந்தவர்
நடுப்பாட்டில் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார்,
தன் காரை இடித்துவிடுமோ என்று.
தெருவில் லாரி எதுவும் இல்லை.