பெட்டி எண் பதினேழு

கொடைக்கானலுக்கு மீன் ஏற்றிப்போன சந்தியாகு
திரும்பும்போது, ஈரச் செய்தித்தாளில் சுற்றி
ஒரு சாண் கொடி கொண்டுவந்தான்.
"ஐவியாம். லாட்ஜ் சுவரெல்லாம் இதுதான்.
கிள்ளினேன், யாரும் பார்க்கல."

நடுவில் பச்சை, ஓரத்தில் வெள்ளை.
பால் குடித்த வாயைத் துடைக்காமல்
ஓடிவந்த பிள்ளைபோல்
ஒவ்வொரு இலையும்.

தடைக்காலம். விசைப்படகுகள் கயிற்றில் கிடந்தன.
ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கெழுத ஒன்றுமில்லை.
சும்மா கிடந்த தெர்மாகோல் பெட்டிகளில்
பதினேழாம் நம்பரை எடுத்து
ஆணியைப் பழுக்கக் காய்ச்சி
அடியில் ஆறு ஓட்டை போட்டேன்.
ஜெய்லானி பாயின் பெட்டி. கேட்கவில்லை.
பேரேட்டில் எழுதினேன்:
உடைசல், ஒன்று.

மண்ணுக்கு உச்சிப்புளி போகவேண்டியிருந்தது.
பாம்பனில் தோண்டினால் சிப்பிதான் வரும்.

போர்த் தண்ணீர் ஊற்றிய முதல் வாரமே
நுனிகள் கருகின.
பிறகு, குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரில்
எனக்கு ஒரு டம்ளர், அதற்கு ஒரு டம்ளர்.
வடக்குச் சுவரோரம், தொட்டியின் நிழலில் வைத்தேன்.
கச்சான் அடிக்கும் நாளில்
கிழிந்த வலையை நாலாய் மடித்துத் தொங்கவிட்டேன்.

ஆனாலும் மாலையில்
இலைமேல் இன்னொரு வெள்ளை.
எது அதனுடையது, எது கடலுடையது?
விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
கரித்தால் துடைப்பேன்.
கரிக்காவிட்டால்
தொந்தரவு செய்ததற்கு வருந்தி நகர்வேன்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தண்டு
முழுப் பச்சையாய்க் கிளம்பியது.
மற்றவை ஓர் இலை விடுவதற்குள் இது மூன்று.
லாட்ஜ் தோட்டக்காரர் இதை வெட்டிவிடுவாராம்,
விட்டால் கொடி மொத்தமும் பச்சையாகிவிடுமாம்,
அழகு போய்விடுமாம்.
கத்தரிக்கோலோடு போய் உட்கார்ந்தேன்.
வெள்ளைக்குச் சோறு பொங்கத் தெரியாது.
பச்சைதான் இருவருக்கும் உலை வைக்கிறது.

அன்று வெட்டவில்லை.
மறுநாள் வெட்டினேன்.
வெட்டியதை எறியவும் மனசில்லாமல்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறுத்தி
பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அது அங்கேயும் வேர்விட்டது, கூச்சமே இல்லாமல்.

அடுத்த தடைக்காலத்தில் ஜெய்லானி பாய்
பெட்டிகளை எண்ணிக்கொண்டே பின்பக்கம் வந்தார்.
பதினைந்து, பதினாறு.
தொட்டி நிழலில் நின்றார்.
"உடைசல்னு எழுதியிருந்தியே?"

குனிந்து தூக்கப் பார்த்தார். வரவில்லை.
ஓட்டைகள் வழியே வேர் இறங்கியிருந்தது.
பவளக்கல் சுவரின் சொரசொரப்பில்
நூறு சின்னக் கால்களால்
கொடி ஏறிக்கொண்டிருந்தது.

ஓர் இலையின் ஓரத்தைத் தொட்டார்.
விரலை நாக்கில் வைத்தார்.
கரித்திருக்க வேண்டும்.
தோளில் கிடந்த துண்டால்
அந்த ஒரே இலையைத் துடைத்துவிட்டு
பதினெட்டை எண்ணப் போனார்.