வரி 212

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
ஜெராக்ஸ் கடை மாடியில், சரக்கு வண்டி தாண்டும்வரை,
ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டு
கௌசரும் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்:
ஏழாம் வகுப்பு பி பிரிவு, அறிவியல்,
தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
நாற்பத்து மூன்று நிமிடம்.

ஆசிரியர் கேள்வி, ஆ.கே.
மாணவர் பதில், மா.ப.
பாராட்டு, மறுப்பு, திரும்பச் சொல்லல்.
'உக்காரு'வுக்குத் தனியாக ஒரு குறி.
மொத்தம் இருபத்து மூன்று பெட்டி.
வகுப்பில் யார் வாயைத் திறந்தாலும்
ஏதோ ஒன்றில் வந்து விழ வேண்டும்.
விழாததை அள்ளிப் போட
இருபத்து மூன்றாவது: பிற.

ரூபி சகாயம் மிஸ் கேட்கிறார்,
'ஆணி மூழ்குது. அத்தாம் பெரிய கப்பல் ஏன் மூழ்கல?'
'அடர்த்தி' வரும் என்று காத்திருக்கிறார்.
காத்திருப்பதும் ஒலிப்பதிவில் இருக்கிறது,
சாக்பீஸால் பலகையைத் தட்டும் சத்தமாக.

மாணவர் 14
(தேசப்பா என்று மிஸ் கூப்பிட்டதை
விதிப்படி அழித்து எண் போட்டேன்):
'எங்கே போட்டு மூழ்கியது, மிஸ்?'

கௌசரின் குறி: மாணவர் தானாக எழுப்பிய கேள்வி.
என் குறி: தொடர்பற்ற பேச்சு.
இப்படியே நாற்பது இடத்தில் முட்டிக்கொண்டு
எங்கள் உடன்பாடு 0.68-இல் நிற்கிறது.
கைடு 0.75-க்குக் குறைந்தால் பார்க்கவே மாட்டார்.

கௌசர் மேலப்பாளையத்துக்காரி.
'போட்டுன்னா? எதைப் போட்டு?' என்கிறாள்.
'செயப்படுபொருளையே காணோமேளா.'

கடைசிப் பெட்டியும் போய்விட்டது.
கீழே ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு
கேட்டுக்குள் நுழையும்போது
எனக்குக் கேட்டது.

எங்கே என்று அவன் சொல்லவில்லை. எங்க.
போட்டு வினையெச்சமே இல்லை,
காசிமேட்டில் கரையேற்றி நீலப் பெயின்ட் அடிப்பார்களே
அந்தப் போட்டு.

எங்க போட்டு மூய்கிச்சி மிஸ்.

தட்டச்சு செய்தது நான்.
ஜீவரத்தினம் நகரில் பிறந்து
அங்கேயே பல் விழுந்து முளைத்தவள்.
'கீது'வை 'இருக்கிறது' என்று கருத்தரங்கு தோறும்
எட்டு வருடம் திருத்திக்கொண்ட காது
ஒரு படகைக் கவிழ்த்து
அதன் மேல் கேள்விக்குறியும் நட்டு வைத்திருக்கிறது.

அடுத்த வரியில் '(தெளிவில்லை)' என்று விட்டிருந்தேன்.
எவ்வளவு தெளிவு:
'ஓட்ட கீட்ட இல்ல மிஸ்.
காத்து இருந்த எடத்துல தண்ணி பூந்துக்கிச்சி.'

காரணம் கூறல்.
அந்தப் பெட்டி இதுவரை காலியாக இருந்தது.

ஆனால் மாணவர் எழுப்பிய கேள்விகள்
இந்த வகுப்பில் மொத்தமே ஒன்று.
நான்காம் இயலில் அதைப் பற்றி
ஒரு பக்கம் பெருமையாக எழுதியிருந்தோம்.
கௌசர் ஒன்றை அடித்துச் சுழி போடுகிறாள்,
கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

பிறகு பதினொரு நொடி.
மென்பொருள் ஒவ்வொரு நொடிக்கும் ஆள் கேட்கும்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு மிஸ், கரகரக்கும் ஃபேன்.
யார் பெயரில் எழுத?
சாக்பீஸ் தட்டுவது நின்றிருக்கிறது.

பன்னிரண்டாவது நொடியில், மைக்கை விட்டு விலகி,
மிஸ்ஸின் குரல்:
'என்ஜினு கெடச்சிதாடா?'

அதுவரை அவர் கேட்டவை அறுபத்தொன்று.
அத்தனைக்கும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.
'என்ன போடட்டும்?' என்கிறாள் கௌசர்.
ஆ.கே.தான், வேறென்ன.
அறுபத்திரண்டு என்று போட்டுவிட்டு
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தேசப்பன் ஏதோ சொல்கிறான்.
அங்கேயும் ஒரு சரக்கு வண்டி வருகிறது.
நான்கு முறை ஓட்டிப் பார்த்தாயிற்று.
கடைசியில் ஒரு 'ல்ல' மட்டும் காதுக்குக் கிடைக்கிறது.
இல்ல-வா, நல்லா-வா,
உள்ளதான் கெடக்குது மிஸ் என்கிறானா.

'உங்க ஊருக்காரன்தானே, நீயே சொல்லு'
என்று தன் காதில் இருந்ததையும் கழற்றி
என்னிடம் தருகிறாள்.